சட்டைப் பையில் காய்ச்சல்

என் மாமனாரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், அவர் தூக்கத்தில் குறட்டை விடமாட்டார் என்று சொல்வேன். விழித்திருக்கும் நேரத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்லதாக ஒன்றும் இல்லை.

திருக்கோகர்ணத்து வீட்டுக்கு நான் வாழ வந்த அன்று மாலையும் கழுத்துமாக அவர் காலில் விழுந்து எழுந்தேன். அவருடைய சட்டைப் பையில் வெள்ளி மூடி போட்ட பேனா ஒன்று செருகியிருந்தது. சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர், பேனா வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் திருநீறு பூசிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே இருந்தது பேனா இல்லை, கண்ணாடிக் குச்சி.

"கண்ணு செவந்திருக்கே. இதக் கக்கத்துல வச்சுக் குடு ஆத்தா" என்றார்.

வல்லத்திராக்கோட்டையில் அப்பனையும் ஆத்தாளையும் விட்டுவிட்டு வந்து இறங்கிய பெண்ணுக்குக் கண் சிவக்காமல் வேறென்ன சிவக்கும்? முகூர்த்தப் புடவையோடு, சொந்தபந்தம் அத்தனை பேரும் சுற்றி நிற்க, கக்கத்தில் தெர்மாமீட்டரை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நார்மல். வெறும் அழுகைதான்" என்று சபைக்கு அறிவித்தார். அதற்கப்புறம்தான் பாலும் பழமும் கொடுக்க விட்டார். வெட்கத்தில் தலை நிமிராமல் பாலைக் குடித்தேன்.

அவர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஏதோ ஒரு இலாகாவில் குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தபோது அந்த இலாகாவே இல்லாமல் போயிற்று. தாலுகா ஆபீஸில் ஒரு மூலையில் நாற்காலி கொடுத்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேலை எதையும் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் ஓய்வும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ராஜாங்கம் போய்விட்டது, தர்பார் மட்டும் போகவில்லை. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் குடிபடைகளாக வைத்து நடத்தினார். செங்கோலுக்குப் பதில் தெர்மாமீட்டர். அரண்மனை டாக்டர் தன் கையால் கொடுத்தது என்று வருகிறவர்களிடம் சொல்வார். கீழராஜ வீதி மருந்துக்கடையில் வாங்கியது என்று என் மாமியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அந்த வீட்டில் யாருக்கும் தன் உடம்பைப் பற்றிப் பேச உரிமை கிடையாது. தலை வலிக்கிறது என்றால் குச்சி வரும். வயிறு வலிக்கிறது என்றாலும் குச்சிதான் வரும். குச்சி நார்மல் என்றுவிட்டால் வலிக்கவில்லை என்று அர்த்தம். "மனுசன் பொய் சொல்லுவான். பாதரசம் சொல்லாது" என்பார். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

இதற்கு அவர் ஒரு வித்தையும் வைத்திருந்தார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காப்பி வருவதற்குள் அது நடந்தாக வேண்டும். மூன்று சட்டி கொண்டுவரச் சொல்வார். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீர், நடுவில் இருப்பதில் இரண்டையும் கலந்த தண்ணீர். விருந்தாளியின் ஒரு கையை வெந்நீரிலும் இன்னொரு கையைப் பானைத் தண்ணீரிலும் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லி, பிறகு இரண்டையும் எடுத்து நடுச் சட்டியில் விடச் சொல்வார்.

"எப்படி இருக்கு?"

"இந்தக் கைக்குச் சில்லுங்குது. அந்தக் கைக்குச் சுடுது."

"ஒரே தண்ணி. ஒரே ஆளு. ஒங்க கை ரெண்டும் ரெண்டு சாட்சி சொல்லுது பாத்தீங்களா? இந்தக் கைய நம்பி ஒரு தீர்ப்புச் சொல்ல முடியுமா?"

விருந்தாளி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஆச்சரியப்படுவார். மார்கழி மாதமாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். இரவெல்லாம் கூடத்தில் கிடந்த பித்தளைச் செம்பையும் மணைப்பலகையையும் தொடச் சொல்வார். செம்புதான் குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்வார்கள். "தப்பு. ரெண்டும் ஒரே எடத்துல கெடந்துச்சு. ரெண்டும் ஒரே சூடு" என்று சொல்லிவிட்டு, நீதி வழங்கிய முகத்தோடு சாய்ந்துகொள்வார்.

அவர் சொன்னது தப்பில்லை. என் நாத்தனார் சௌந்தரத்தின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பின்னால் நானே படித்துப் பார்த்தேன். செம்பு நம் விரலின் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்கிறது, பலகை மெதுவாக வாங்குகிறது. நமக்குக் குளிர்ச்சி என்று தெரிவது அந்தப் பொருளின் சூடு இல்லை, நம்மை விட்டுப் போகிற சூடு. சூடு எப்போதும் அதிகம் இருக்கிற இடத்திலிருந்து குறைவாக இருக்கிற இடத்துக்குத்தான் போகும் என்று அதில் போட்டிருந்தது. இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அந்தக் கண்ணாடிக் குச்சியும் ஒரு பொருள்தான், அதுவும் தான் கிடக்கிற இடத்தின் சூட்டைத்தான் வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு நல்ல விஷயத்தைத் தெரிந்துகொண்டு அதை வைத்து ஒருவர் இவ்வளவு அசட்டுத்தனம் செய்ய முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

என் மாமியாருக்கு ஒரு ஐப்பசியில் குளிர்காய்ச்சல் வந்தது. பல் தந்தியடிக்க, உடம்பு தூக்கித் தூக்கிப் போட, சாக்கையும் போர்வையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் சுருண்டுகிடந்தார். மாமனார் வந்து குச்சியை வைத்துப் பார்த்தார்.

"நார்மல்தான். எந்திரி. நெல்லு அவிக்கணும்ல."

"குளுருதுங்க" என்றார் மாமியார். பல் அடித்ததில் அந்த ஒரு வார்த்தை நாலு துண்டாக வந்தது.

"குளுருதுன்னு ஒன் தோலு சொல்லுது. பாதரசம் சொல்லலையே."

மாமியார் எழுந்து போய், நடுங்கிக்கொண்டே நெல் அவிக்கும் அண்டாவுக்குத் தீ போட்டார். நான் அவர் கையிலிருந்து விறகைப் பிடுங்கப் போனேன், விடவில்லை. ஒரு மணி நேரம் போனதும் குளிர் விட்டுக் காய்ச்சல் அனலாக ஏறியது. அண்டா பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். அப்போது குச்சி நூற்று மூன்று காட்டியது. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா, இப்பத்தான் காய்ச்சல் வந்திருக்கு. அப்பச் சொன்னது பொய்" என்றார். அன்றைக்கே அந்த மனிதர் மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது. மாமனார் என்ற முறைக்கு இடுப்பில் முந்தானையைச் செருகாமல் நின்றேன், அவ்வளவுதான்.

அந்தக் குச்சிக்கும் ஒரு முடிவு வந்தது. அவருக்குக் குளிக்கிற தண்ணீர் இன்ன சூட்டில்தான் இருக்க வேண்டும். என் மாமியார் விரலை விட்டுப் பார்த்து, "கொதிக்குதுங்க, கொஞ்சம் வெளாவிக்கங்க" என்றார். விரலை நம்புகிறவரா அவர்? மனிதர் உடம்புக்கென்று செய்த கருவியைக் கொண்டுபோய்க் கொதிக்கிற அண்டாவில் விட்டார். சடக் என்றது. பாதரசம் குட்டிக் குட்டி உருண்டையாகத் தண்ணீருக்கு அடியில் ஓடியது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு காய்ச்ச வேண்டியதாயிற்று. அன்று முழுக்க மாமியாருக்குத்தான் திட்டு. அவர் சரியாகச் சொல்லியிருந்தால் உடைந்திருக்காதாம்.

திருச்சியிலிருந்து வேறொன்று வாங்கி வரச் சொன்னார். இந்த இரண்டாவது குச்சிதான் எங்கள் கதைக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கருவியில் ஏறின பாதரசம் தானாக இறங்காது. பிடித்துக்கொண்டு ஓங்கி உதறினால்தான் இறங்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது நர்ஸ் உதறுவதைத் தினமும் பார்த்தவள் நான். முதல் குச்சியை இவரும் நன்றாகத்தான் உதறிக்கொண்டிருந்தார். அது உடைந்த பிறகு பயம் வந்துவிட்டது. கற்பூரத் தட்டைக் காட்டுகிற மாதிரி இரண்டு ஆட்டு ஆட்டுவார். இறங்கினால் இறங்கியது.

நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மாமா, ஆஸ்பத்திரியில இத நல்லா ஓங்கி ஒதறுவாங்க."

"அது சர்க்கார் சாமான். ஒடஞ்சா யாருக்கு என்ன? இது என் சாமான்" என்றார்.

அதனால் எங்கள் வீட்டில் காய்ச்சல் ஒரு விநோதமான ஒழுங்கோடு வரத் தொடங்கியது. என் கொழுந்தனுக்கு நூற்றிரண்டு என்றால், அவனுக்கு அடுத்துப் பார்த்த என் மகனுக்கும் நூற்றிரண்டு. புள்ளி பிசகாது. ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பிடித்துக் கம்பளியைப் போர்த்திப் படுக்கவைப்பார். ஜன்னலைச் சாத்துவார். "வேர்த்தாத்தான் எறங்கும்" என்பார். ஒருநாள் அடுத்த வீட்டிலிருந்து மோர் கேட்டு வந்த பெண்ணுக்கும் அதே நூற்றிரண்டு. அவள் மோரை வாங்காமலே ஓடிவிட்டாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் போய் முயலைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். சௌந்தரம் விஷயம் சிரிப்பு இல்லை.

சௌந்தரம் என் வீட்டுக்காரருக்குக் கடைசித் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாமனார் வேறு கணக்குப் போட்டிருந்தார். கீரனூரில் ஒருவர், பெண்டாட்டி செத்து வருஷம் திரும்பவில்லை, இரண்டு பிள்ளைகள், நல்ல நிலபுலன். அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் தட்டோடு வருவதாகப் பேச்சு. அதே வாரம் புதன்கிழமை டிரெயினிங் ஸ்கூல் ஆள் எடுப்புக்குத் திருச்சிக்கு வரச்சொல்லி இவளுக்குத் தகவல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் திருச்சியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார். நான் மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு, அவளைச் செவ்வாய்க்கிழமை மத்தியானப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவது, இரவு அவர் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மாவோடு தங்குவது, காலையில் பள்ளிக்கூடம் போவது என்று ஏற்பாடு. மாமனார் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. இடம் கிடைத்தால் அவள் வாழ்க்கை ஒன்று, கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை கீரனூர். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அக்கினி நட்சத்திரத்து வெயில். புதுக்கோட்டை வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தெருவில் நாய் இல்லை, காக்காய் இல்லை. சௌந்தரம் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தன் புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த அனலில் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. மாமனார் டவுனுக்குப் போய்விட்டு அந்த வெயிலில் நடந்தே திரும்பி வந்தார். குடை பிடித்திருந்தார். குடை தலைக்குத்தான், சட்டைப் பைக்கு இல்லை. குச்சி வழக்கம்போல் பையில் இருந்தது.

சௌந்தரம் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "போயிட்டு வாரேம்ப்பா" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "மொகம் ஏன் இப்படிச் செவந்திருக்கு? ஒக்காரு."

"இஸ்திரி போட்டேம்ப்பா. அந்தச் சூடு."

"ஒக்காருன்னேன்."

பையிலிருந்து குச்சியை எடுத்தார். இரண்டு ஆட்டு ஆட்டினார். அவள் அதைக் கக்கத்தில் வைத்து, கண்ணைக் கூடத்துக் கடிகாரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாங்கிப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"நூத்தி நாலு. படு."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்."

"ஒன் ஒடம்பு ஒனக்கே சொல்லாது. நூத்தி நாலுல வெளிய போனா வெயிலு மூளைக்கு ஏறிரும். படு."

என் மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். சௌந்தரத்தின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்ச இல்லைங்க. நெத்தி சில்லுன்னு இருக்கு" என்றார்.

"நீ அடுப்புல இருந்து வாரவ. ஒன் கைதான் சூடு. அதுக்கு எதத் தொட்டாலும் சில்லுன்னுதான் இருக்கும். எத்தன தடவ சட்டி வச்சுக் காட்டியிருக்கேன்?"

சௌந்தரம் அழ ஆரம்பித்தாள். அழுதால் முகம் இன்னும் சிவக்கும். சிவந்தால் அவருக்கு இன்னும் ஆதாரம் கிடைக்கும். அவர் கம்பளியை எடுத்துவரச் சொன்னார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கீரனூர்ச் சம்பந்தத்துக்காக வேண்டுமென்றே செய்கிறாரா, இல்லை உண்மையிலேயே நம்புகிறாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. வேண்டுமென்றே செய்கிறவராக இருந்தால் அயோக்கியன் என்று சொல்லி முடித்துவிடலாம். நம்புகிறவராக இருந்தால் அதைவிடக் கேவலம் என்று தோன்றியது.

பஸ்ஸுக்கு அரைமணி நேரம்கூட இல்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எனக்கும் பாத்துருங்க மாமா" என்றேன்.

குச்சியைக் கொடுத்தார். ஆட்டக்கூட இல்லை. நான் வைத்து எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார்.

"நூத்தி நாலு. அதான் சொன்னேனே, ஒனக்கும் தொத்திக்கிச்சு. நீயும் படு."

"அத இங்கிட்டுக் கொடுங்க மாமா" என்று கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். பிடுங்கினேன். கூடத்து மூலையில் மணலைப் பரப்பி அதன்மேல் குடிக்கிற தண்ணீர்ப் பானை இருந்தது. ஈரம் கசிந்து கசிந்து, அந்த வெயிலிலும் பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்திருக்கும். ஒரு சொம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு குச்சியை அதில் போட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து அவரிடமே நீட்டினேன்.

"பாத்துச் சொல்லுங்க மாமா."

பார்த்தார். பாதரசம் இருந்த இடத்திலேயே இருந்தது. குச்சியைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

"எவ்வளவு மாமா?"

"நூத்தி நாலு."

"பானத்தண்ணிக்குமா காய்ச்சல்?"

இந்த இடத்தில் சாதாரண மனிதன் ஒருவன் என்ன செய்வான்? சிரித்துவிடுவான். குச்சி கெட்டுப்போச்சு என்பான். இல்லையென்றால் கோபித்துக்கொண்டு தெருவுக்காவது போவான். என் மாமனார் அந்தச் சொம்பை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்துச் சுவைத்தார். எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, வாய் கூசாமல் சொன்னார்.

"சூடாத்தான் இருக்கு."

அந்தத் தண்ணீர் அவர் தொண்டையில் ஜில்லென்று இறங்கியிருக்கும். இறங்கியது அவருக்குத் தெரிந்தும் இருக்கும். தன் நாக்கையே பொய்சாட்சி ஆக்கிவிட்டு நிற்கிற ஒரு மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். இவருக்கு முன்னால் போய் நியாயம் கேட்டோமே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. சௌந்தரம் அழுகையை நிறுத்திவிட்டாள். இனி அழுது பயனில்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

என் மாமியார்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. மீன்காரியிடம் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"பானத்தண்ணி ஒங்களுக்குச் சுடுதுங்களா?"

"சுடுதுன்னு சொல்றேன்ல."

"எங்க மூணு பேருக்கும் அது சில்லுன்னு இருக்கு. ஒங்களுக்கு மட்டும் சுடுதுன்னா, ஒங்க வாயிலதான் என்னமோ இருக்கு. வெயில்ல வேற நடந்து வந்திருக்கீங்க. இதக் கக்கத்துல வைங்க, பாப்போம்."

அவருக்கு வேறு வழியில்லை. பாதரசத்தை வேண்டாம் என்று சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமில்லை. வைத்தார். எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"நூத்தி நாலு" என்றார் மெல்லிய குரலில்.

நடிப்பில்லை. அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. மனிதர் நிஜமாகவே நம்புகிறார். தூணைப் பிடித்துக்கொண்டார். "தல சுத்துது. கம்பளியக் கொண்டா" என்றார்.

"படுங்க" என்றார் மாமியார். சௌந்தரத்துக்காக எடுத்து வந்த கம்பளியை அவர் மேல் போர்த்தினார். "இதுக ரெண்டையும் அங்கிட்டு அனுப்பிர்றேன். எல்லாரும் ஒரே எடத்துல கெடந்தா தொத்துக் கூடிரும்."

"ஆமா, அனுப்பிரு, அனுப்பிரு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். தன் காய்ச்சல் என்று வந்ததும் மகளின் காய்ச்சல் அவருக்கு மறந்தே போயிற்று. வெயில் மூளைக்கு ஏறும் என்று தான் சொன்னதுகூட மறந்துபோயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓடினோம். பஸ் புறப்பட்டு நகர்ந்துவிட்டது. கையைக் காட்டி நிறுத்தி ஏறினோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சௌந்தரத்தை என்னென்னவோ கேட்டார்கள். ஒரு பாடம் வாசிக்கச் சொன்னார்கள், கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். சாயங்காலம் பேரைக் கூப்பிட்டு, ஆனி மாதம் வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் பயம் விடவில்லை. வீட்டில் அவர் எழுந்து உட்கார்ந்திருப்பார், வெள்ளிக்கிழமை கீரனூர்க்காரர்கள் வருவார்கள், தட்டு மாற்றிவிட்டால் இந்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வழியெல்லாம் அதே யோசனைதான்.

வியாழக்கிழமை வீடு திரும்பினோம். அவர் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் சாத்தி, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வேர்வையில் ஊறிப்போய்க் கிடந்தார். இரண்டு நாளாகக் கஞ்சித் தண்ணிதான். கன்னம் ஒட்டியிருந்தது. டாக்டரைக் கூப்பிட விடமாட்டார். டாக்டர் வந்தால் தன் குச்சியை வைத்துப் பார்ப்பார், அந்த அவமானத்துக்கு இவர் ஒப்பமாட்டார். வேளைக்கு வேளை தன் குச்சியைத் தானே வைத்துப் பார்த்துக்கொண்டாராம். யார் உதறினார்கள், அது இறங்குவதற்கு?

"அம்மா, எடம் கெடச்சிருச்சு" என்றாள் சௌந்தரம்.

மாமியார் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். "சௌந்தரம், நீ படிச்ச பிள்ள. எறங்கியிருக்கா, பாத்துச் சொல்லு."

அவள் போய் அதை வாங்கி ஜன்னல் இடுக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஒரு உதறு போதும், அவருக்குக் குணமாகிவிடும்.

"அப்படியேதாம்ப்பா இருக்கு" என்றாள். குச்சியைக் குழாய்க்குள் போட்டு மூடியைத் திருகி, பத்திரமாக அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கீரனூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அக்கா, பெரியவர் ஒருவர். அக்காவின் கையில் தாம்பூலத் தட்டு, அதன்மேல் பட்டுத்துணி மூடியிருந்தது. மாமியார் வாசலுக்குப் போய், "வாங்க" என்று கைகூப்பினார். வந்தவர்களை வேறு என்ன சொல்ல முடியும்? நானும் சௌந்தரமும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றோம். அவள் என் புடவையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், தட்டைக் கீழே வைத்துவிட்டால், முடிந்தது.

"யாரு வந்திருக்கா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"கீரனூர்லேருந்து வந்திருக்காங்க" என்றார் மாமியார்.

"அய்யய்யோ, உள்ள வராதீங்க. அங்கிட்டே நில்லுங்க" என்றார் அவர். கட்டிலில் எழுந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. பலவீனமான குரல்தான், ஆனாலும் சபைக்கு அறிவிக்கிற அந்தப் பழைய மிடுக்கு அதில் வந்துவிட்டது. "நூத்தி நாலு. செவ்வாக்கிழமையிலேருந்து ஒரு புள்ளி எறங்கல. நானே பாத்துக்கிட்டிருக்கேன்."

வந்தவர்கள் படியிலேயே நின்றார்கள். "ஒங்களுக்கு மட்டுந்தானுங்களே?" என்று அந்த அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு மட்டுமா? வீடு பூராவும் வந்துருச்சு. மருமகளுக்கும் நூத்தி நாலு. மொதல்ல பொண்ணுக்குத்தான் வந்துச்சு."

"பொண்ணுக்குமா?"

"பொண்ணுக்குந்தான். நானே வச்சுப் பாத்தேன்ல. அவகிட்டேருந்துதான் எல்லாருக்கும் பரவுச்சு. பாதரசம் பொய் சொல்லாதும்மா."

அந்த அம்மாள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினாள். பெரியவரும் அவளும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அவள் என் மாமியாரைப் பார்த்து, "தப்பா நெனக்காதீங்க. வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைக இருக்கு. சீக்காளிப் பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயி என்ன பண்றது? நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்றாள். மாமியார் மறுபடியும் கைகூப்பினார். அவர்கள் வெயிலில் இறங்கி, குடையை விரித்து, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். என் புடவையைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

மாமியார் உள்ளே போய், அவர் மேலிருந்து நழுவிக் கிடந்த கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டார்.

"போயிட்டாங்களா?" என்று கேட்டார் அவர்.

"போயிட்டாங்க."

"நல்லவேள, நான் முழிச்சிருந்தேன்" என்றார். "நீங்களா இருந்தா உள்ள விட்டிருப்பீங்க."